தானியங்கிக் கியரும் அதன் எண்ணெயும்

தாராவியின் தோற்பொருட் பட்டறைகளிலிருந்தும் மாட்டுங்காவின் கடைத்தெருவிலிருந்தும் சரக்கேற்றிச் செல்லும் பிக்கப் வண்டிகளில் பெரும்பாலானவை, கிளட்சை மிதித்துக் கையால் கியர் மாற்றும் வகையைச் சேர்ந்தவை. எனினும் தானியங்கிக் கியர் கொண்ட டீசல் பிக்கப்புகளும் நம் நாட்டிற்கு வந்துவிட்டன. சென்னைக்கு வடக்கே ஸ்ரீசிட்டியில் 2016-இல் ஆலை திறந்த இசுசூ நிறுவனத்தின் வி-கிராஸும், 2022-இல் விற்பனைக்கு வந்த டொயோட்டா ஹைலக்ஸும் அத்தகையவை. செம்பூரிலும் சயானிலும் நெரிசலில் ஊர்ந்து செல்வோருக்கு இடக்காலின் ஓய்வு பெரிய வரமே. ஆனால், கிளட்ச் மிதி இல்லையாதலால் கவனிப்பும் வேண்டியதில்லை என்று எண்ணுவது பெரும்பிழை.

இரண்டு மேசை விசிறிகளை எதிரெதிரே வைத்து ஒன்றை மட்டும் ஓடவிட்டால், அதன் காற்றால் மற்றொன்றும் சுழலும். தானியங்கிக் கியரின் முன்புறத்தில் நிகழ்வதும் ஏறத்தாழ இதுவே. அங்கே காற்றுக்குப் பதிலாக எண்ணெய் உள்ளது. ஜெர்மானியப் பொறியியலறிஞர் ஹெர்மன் ஃபொட்டிங்கர் கப்பல்களுக்காக 1905-ஆம் ஆண்டளவில் வகுத்த முறை இது. எண்ணெயின் வேலை இத்துடன் முடிவதில்லை. உள்ளிருக்கும் கிளட்ச் தட்டுகளை அழுத்திக் கியர் மாற்றுவதும், பல்சக்கரங்கள் தேயாது காப்பதும், வெப்பத்தை வெளியே கொண்டு செல்வதும் அதுவே. எனவே எண்ணெயைக் காப்பது கியர்பெட்டியையே காப்பதாகும்.

அந்த எண்ணெய்க்குப் பகை வெப்பம். நிறைந்த பாரத்துடன் கண்டாலா மலைப்பாதையில் ஏறும்போதும், நெரிசலில் நின்று நின்று நகரும்போதும் அது மிகுதியாகச் சூடேறும். சூடு எல்லை மீறினால் எண்ணெய் வலுவிழக்கும். தட்டுகள் வழுக்கிக் கருகும். ஆகவே முன்புறமுள்ள எண்ணெய்க் குளிர்விப்பானில் படியும் சேற்றையும் தூசியையும் அவ்வப்போது மென்மையாகக் கழுவி நீக்க வேண்டும். மாற்றும் காலக்கெடுவுக்குக் கையேட்டைப் பார்க்கையில், கடும் உழைப்புக்கெனத் தனியே குறித்த கெடு இருந்தால், பாரம் சுமக்கும் வண்டிக்கு அதுவே பொருந்தும். குறிப்பிட்ட ரக எண்ணெயையே ஊற்ற வேண்டும். எஞ்சின் எண்ணெய் அதற்கு ஈடாகாது. அளவு குறைந்தாலும் தீங்கு. மிகுந்தால் நுரைத்து அழுத்தம் கெடும். அளவுகோல் கம்பி இல்லாத வண்டிகளைப் பட்டறையில்தான் சோதிக்க இயலும்.

எண்ணெய் கறுத்துக் கருகிய வாடை வீசினால் உள்ளே தட்டுகள் கெடுகின்றன என்று அறியலாம். பால் போல் கலங்கியிருந்தால் நீர் கலந்துவிட்டது. மும்பைவாசிகள் இதை மறத்தலாகாது. 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டியது. அத்தகைய பெருமழை அரிதாயினும், கிங்ஸ் சர்க்கிளின் காந்தி மார்க்கெட் பகுதியில் மழைக்காலத்தில் நீர் தேங்குவது நாம் அறிந்ததே. ஆழ்ந்த நீரில் சென்றால் கியர்பெட்டியின் காற்றுத்துளை வழியே நீர் புகக்கூடும். அவ்வாறு சென்று வந்தபின், வண்டி நன்றாக ஓடினாலும், எண்ணெயைச் சோதித்தல் நலம்.

ஓட்டும் முறையும் பராமரிப்பின் ஒரு பகுதியே. வண்டி முற்றும் நின்றபின்பே பின்கியருக்கு மாற்றுக. சரிவில் நிறுத்துகையில், முதலில் கைப்பிரேக்கை இழுத்து, அதன்பின் நிறுத்தக் கியரை இடுக. இல்லையேல் முழுப் பாரமும் ஒரு சிறு கொக்கியின்மேல் விழும். மலையிறங்கும்போது நியூட்ரலில் விடுதல் ஆபத்து. தாழ்ந்த கியரில் இறங்கினால் எஞ்சினே வேகத்தை அடக்கும், பிரேக்கும் சூடேறாது. பழுதான வண்டியை ஓடுசக்கரங்கள் தரையில் உருள இழுத்துச் செல்லலாகாது. எஞ்சின் ஓடாதபோது எண்ணெய்ப் பம்பும் ஓடாது. உள்ளுறுப்புகள் எண்ணெயின்றித் தேயும்.

கியர் விழத் தாமதித்தாலோ, எஞ்சின் இரைந்தும் வண்டி வேகம் கொள்ளாவிட்டாலோ, அன்றே பட்டறைக்குச் செல்வது சிக்கனம். வண்டியை நம்பிப் பிழைப்போருக்கு அது நிற்கும் ஒவ்வொரு நாளும் வீட்டின் வருவாய் நிற்கும் நாளன்றோ!