109 கியூப் தண்ணீர்

நில அளவை என் தொழில். சில மாதங்களுக்கு முன், கத்தாரில் இருந்து லீவில் வந்த தம்பி ஒருவர் உறுதியைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். கல்முனைக்கு மேற்கே, கரைவாகு வட்டையில் பத்து பேர்ச்.

"மாரியில ஒரு கிழமைதான் சேர் தண்ணி நிக்கிது. நாலடி மண் போட்டாச் சரியாப் போயிரும்."

கல்குலேட்டரைத் தட்டிக் காட்டினேன். ஒரு பேர்ச் 272¼ சதுர அடி. நூறு கன அடி ஒரு கியூப். பத்து பேர்ச்சுக்கு நாலடி மண் என்றால் 109 கியூப். மூன்று கியூப் டிப்பரில் 36 லோடுக்கு மேல். அவர் காசுக் கணக்குப் பார்த்தார். எனக்குத் தெரிந்தது தண்ணீர்க் கணக்கு. வட்டையில் நாலடி வெள்ளம் நிற்கும்போது அந்தத் துண்டுக்குள் நிற்பதும் அதே 109 கியூப்தான், மூன்று லட்சம் லிட்டருக்கு மேல். மண் உள்ளே வந்தால் தண்ணீர் அடுத்தவன் வளவுக்குப் போகும். ஒரு துண்டால் வெள்ளம் ஒரு நூல் கூட உயராது, உண்மை. ஆனால் ஆளுக்கொரு துண்டு நிரப்பி, ரோட்டையும் உயர்த்திவிட்டால்?

நமது ஊர்கள் இருக்கிற இடம் அப்படி. கடலோரமாக ஒரு மணல் மேடு. மருதமுனை தொடங்கி நிந்தவூர் வரை பழைய வீடுகளெல்லாம் அதன் முதுகில்தான். அதற்கு மேற்கே பள்ளம். கல்லோயாவும் அதன் கிளைகளும் காலங்காலமாக வண்டல் கொண்டுவந்து போட்டு உண்டாக்கிய சமவெளி. மேட்டைத் தாண்டி வெள்ளம் சும்மா கடலுக்குப் போக முடியாது. முகத்துவாரத்தை வெட்டிவிடும்வரை வட்டையில்தான் தங்கும். அதற்கான இடமே அது.

சேனாநாயக்க சமுத்திரம் இருக்கிறதே என்பார்கள். 1949இல் இங்கினியாகலையில் கட்டத் தொடங்கிய அணை அது. அதற்கு மேலே பெய்கிற மழையைத்தான் பிடிக்கும். சம்மாந்துறையில் பெய்கிற மழைக்கு அது என்ன செய்யும்? நிரம்பினால் அதுவும் வான் பாயும்.

பழையவர்களுக்கு இது விளங்கியிருந்தது. கிட்டங்கித் தாம்போதியைப் பாருங்கள். வெள்ளம் மேலால் போகட்டும் என்றுதான் தாம்போதியைப் பதித்துக் கட்டுவார்கள். பாலமாக உயர்த்தச் சொல்லிக் கேட்பது நியாயம்தான். ஆனால் கண் போதாத பாலம், அணைக்கட்டு. குறுக்கே போகிற ரோட்டில் தண்ணீர் ஏறிப் பாயும்போது இரண்டடி ஆழம் வாகனத்தையே தூக்கும். 2024 நவம்பர் 26 அன்று காரைதீவு–மாவடிப்பள்ளி ரோட்டில் மத்ரஸாப் பிள்ளைகளை ஏற்றிவந்த உழவு இயந்திரம் அடித்துச் செல்லப்பட்டது. பிள்ளைகள் உட்பட எட்டுப் பேர் மௌத்தானார்கள். அந்த ரோட்டால் போகும்போதெல்லாம் இப்போதும் கை ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடிக்கிறது.

'நூறு வருஷ வெள்ளம்' என்ற சொல்லும் ஆட்களைக் கெடுக்கிறது. 2011இல் வந்துவிட்டது, இனி நம் காலத்தில் வராது என்று நினைக்கிறார்கள். அதன் பொருள் ஒவ்வொரு வருடமும் நூற்றில் ஒரு பங்கு வாய்ப்பு என்பதுதான். முப்பது வருடம் ஒரு வீட்டில் இருப்பவருக்கு அது ஏறக்குறைய நாலில் ஒன்று.

தம்பி எல்லாவற்றையும் கேட்டார். பிறகு சொன்னார்: "ரெண்டு பொம்புளப் புள்ளைகள் சேர். வீடு குடுக்காமக் கலியாணம் நடக்குமா? கடலோரத்துல கட்டச் சொல்றீங்களா?"

அதற்கு என்ன சொல்வது? 2004 சுனாமி இந்த மாவட்டத்தில் மட்டும் 10,000க்கு மேற்பட்டவர்களைக் கொண்டுபோனது. மகளுக்கு வீடு கட்டிக் கொடுப்பது நம் வழக்கம். மேட்டில் இடமில்லை, கடற்பக்கம் பயம். எல்லாருமாக மேற்கே தள்ளப்படுகிறார்கள். 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்க கமநல அபிவிருத்திச் சட்டப்படி வயலை நிரப்ப அனுமதி வேண்டும். ஆனால் சட்டம் குமருக்கு வீடு தராது. இருக்கிற வளவில் மேல்மாடி எடுப்பதும், வட்டையில் வடிகால் போகும் பட்டியை எவரும் தொடாமல் விடுவதுமே எனக்குத் தெரிந்த வழி. நெதர்லாந்தில் 1995இல் இரண்டரை லட்சம் பேரை வெளியேற்றிய பிறகு, கரைகளைப் பின்னுக்குத் தள்ளி ஆற்றுக்கு இடம் விட்டார்கள். அவர்களிடம் காசு இருந்தது.

முதலில் அனுமதியை எடுங்கள், வாய்க்காலைத் தொடாதீர்கள் என்று சொல்லி அனுப்பினேன். இரண்டு மாதம் கழித்து வரச் சொன்னார், போனேன். மண் நிரப்பியாகிவிட்டது. "நீங்க சொன்னதுக்காக வாய்க்கால விட்டுட்டன் சேர்" என்று சந்தோஷமாகக் காட்டினார். எட்டடி வாய்க்காலுக்குக் குறுக்கே பாதை போட்டு, கீழே ஒரு அடி பைப். அதையும் மேசன் அடியிலிருந்து ஒரு முழம் உயர்த்தித்தான் வைத்திருந்தார்.