நான்கு வரிச் செய்தி

காலையில் காப்பியோடு நாளிதழைப் பிரிக்கிறோம். உள்பக்கத்தின் மூலையில் நான்கு வரிச் செய்தி ஒன்று கண்ணில் படுகிறது. ‘கழிவுநீர்த் தொட்டியில் விஷவாயு தாக்கி மூவர் பலி.’ ஊரின் பெயர் இருக்கிறது. இறந்தோரின் பெயரும் வயதும் இருக்கின்றன. ‘போலீசார் வழக்குப் பதிவு செய்து விசாரித்து வருகின்றனர்’ என்பதோடு செய்தி முடிந்துவிடுகிறது. ‘ஐயோ, பாவம்!’ என்கிறோம். அந்தச் சொல் வாயை விட்டு அகலுமுன் நம் விரல் அடுத்த பக்கத்தைப் புரட்டிவிடுகிறது.

சில வாரங்கள் செல்கின்றன. அதே செய்தி மீண்டும் வருகிறது. ஊர் வேறு, பெயர்கள் வேறு. மற்றவை அனைத்தும் ஒன்றே. பழைய செய்தியைத்தான் மறுபடியும் அச்சிட்டுவிட்டார்களோ என்று ஐயுறும் அளவுக்கு இக்கொடுமை நமக்குப் பழகிப் போயிற்று. அன்பு வாசகரே, அந்த நான்கு வரிகளுக்குள் அடங்காதவை எவை என்று இன்றைக்குச் சற்று நின்று பார்ப்போமா?

குழிக்குள் நிகழ்வது

மூடிக்கிடக்கும் தொட்டியில் கழிவு அழுகும்போது மீத்தேன், ஹைட்ரஜன் சல்பைடு முதலிய வாயுக்கள் உண்டாகின்றன. மூச்சுக்கு வேண்டிய பிராணவாயு குறைந்துவிடுகிறது. இவற்றுள் ஹைட்ரஜன் சல்பைடு மிகக் கொடியது. சிறிதளவே இருக்கும்போது அழுகிய முட்டையின் நாற்றத்தைக் காட்டி அது நம்மை எச்சரிக்கும். அளவு மிகுந்துவிட்டாலோ, நாற்றத்தை உணரும் ஆற்றலையே அது மூக்கிலிருந்து பறித்துவிடும். ‘நாற்றம் நின்றுவிட்டது, இனி அச்சமில்லை’ என்று உள்ளே இருப்பவர் எண்ணும் அந்தக் கணமே ஆபத்து உச்சத்தில் இருக்கும் கணம். அடியில் உறைந்து கிடக்கும் சேற்றை மண்வெட்டியால் கிளறும்போது அதனுள் அடைபட்டிருந்த வாயு ஒருசேர வெளிப்படுகிறது. பிறகு இரண்டொரு மூச்சுதான், நினைவு தவறிவிடும்.

செய்தியில் ஏன் பெரும்பாலும் ‘இருவர்’ என்றும் ‘மூவர்’ என்றும் வருகிறது? முதலில் இறங்கியவர் ஒருவரே. அவருடைய குரல் அடங்கியதும், மேலே நின்ற தம்பியோ மைத்துனனோ உடன் உழைப்பவனோ பதறி இறங்குகிறான். அவனும் மேலே வரவில்லை. இருவரையும் தூக்கிவிட மூன்றாமவன் இறங்குகிறான். ஆம், இறந்தோருள் பலர் பிறர் உயிரைக் காக்கச் சென்று தம் உயிரை ஈந்தவர்கள். போர்க்களத்தில் இதைச் செய்தவனுக்குப் பதக்கம் அளிக்கிறோம். சாக்கடையில் இதைச் செய்தவனுக்கு நாம் அளிப்பது நான்கு வரிகள்.

சட்டம் இல்லையா?

சட்டத்துக்குக் குறைவில்லை. உலர் கழிப்பிடங்களையும் மனிதரைக் கொண்டு மலம் அள்ளுவதையும் தடைசெய்யும் சட்டம் 1993-இலேயே இயற்றப்பட்டது. 2013-இல் அதனினும் விரிவான சட்டம் வந்தது. தக்க பாதுகாப்பின்றிப் பாதாளச் சாக்கடையிலோ கழிவுநீர்த் தொட்டியிலோ ஒருவரை இறக்குவது அச்சட்டப்படி குற்றம். முதன்முறை குற்றம் புரிந்தவருக்கு இரண்டாண்டு வரை சிறை, அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மீண்டும் புரிந்தால் ஐந்தாண்டு வரை சிறை, 5 லட்சம் வரை அபராதம். பிணையில் விடத்தகாத குற்றம் என்றும் எழுதி வைத்திருக்கிறார்கள்.

துப்புரவுப் பணியாளர் இயக்கம் ஒன்று 2003-இல் உச்ச நீதிமன்றத்தை அணுகியது. 2014 மார்ச்சில், தலைமை நீதிபதி சதாசிவம் அவர்களின் அமர்வு தீர்ப்பளித்தது. 1993 முதல் இவ்வேலையில் மாண்ட ஒவ்வொருவரின் குடும்பத்துக்கும் 10 லட்சம் ரூபாய் வழங்குமாறு அது பணித்தது. 2023 அக்டோபரில் அத்தொகை 30 லட்சமாக உயர்த்தப்பட்டது. இடையில் 2019-இல், மனிதரை நச்சுவாயு அறைகளுக்கு அனுப்பிச் சாகவிடும் நாடு வேறெங்கேனும் உண்டா என்று உச்ச நீதிமன்ற நீதிபதிகளே மனம் நொந்து கேட்டனர்.

ஏட்டில் இத்தனை இருந்தும் குழிக்குள் இறங்குவது நிற்கவில்லை. காரணம் என்ன?

கணக்கில் மறைந்தவர்கள்

2021-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நாடாளுமன்றத்தில் மத்திய அரசு ஒரு கணக்கைத் தந்தது. 2020 டிசம்பர் வரையிலான ஐந்தாண்டுகளில் சாக்கடைகளையும் கழிவுநீர்த் தொட்டிகளையும் தூய்மை செய்கையில் இறந்தோர் 340 பேர்; அவர்களுள் 43 பேர் தமிழ்நாட்டினர். அதே ஆண்டு ஜூலையில் அதே நாடாளுமன்றத்தில் மற்றோர் விடை கிடைத்தது. கையால் மலம் அள்ளும் பணியால் எவரும் இறந்ததாகத் தகவல் இல்லை என்பதே அது.

இரண்டும் எவ்வாறு உண்மையாகும்? ‘கையால் மலம் அள்ளுதல்’ என்பதைச் சட்டம் ஒரு பிரிவில் வைத்திருக்கிறது; ‘ஆபத்தான முறையில் சாக்கடையைத் தூய்மை செய்தல்’ என்பதை வேறொரு பிரிவில் வைத்திருக்கிறது. முதலாவதில் சாவு உண்டா என்று கேட்டால் இல்லை என்று சொல்லிவிடலாம். இரண்டாவதில் இறந்தவர்கள் வேறு ஏட்டில் இருக்கிறார்கள். பொய் சொல்லாமலேயே மெய்யை மறைக்கும் கலை இது. கணவனை இழந்து நிற்பவளிடம் போய் இந்தப் பிரிவுகளை விளக்கிச் சொல்ல எவருக்கு மனம் வரும்?

கீழே இறங்கினாலும் இதே கதைதான். உள்ளாட்சி நிர்வாகம் ஒப்பந்தக்காரரைக் கைகாட்டும். ஒப்பந்தக்காரர் தமக்குக் கீழே இருப்பவரைக் கைகாட்டுவார். அவரோ, ‘நான் இறங்கச் சொல்லவில்லை, அவனாகத்தான் இறங்கினான்’ என்பார். கடைசியில் பழி பேச வாயில்லாத பிணத்தின்மேல் விழுகிறது.

மற்றொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். குழிக்குள் இறங்குகிறவர் எந்தத் தெருவிலிருந்து வருகிறார் என்பது நம் எல்லாருக்கும் தெரியும். வேலையில்லாத இளைஞர் எல்லாச் சாதியிலும் இருக்கிறார்கள். இந்த வேலைக்கு மட்டும் தாழ்த்தப்பட்ட மக்களையே தேடிப் போகிறோம். சாதி இல்லை என்று மேடையில் முழங்குகிறோம். தொட்டி நிரம்பிய அன்று அது எங்கே குடியிருக்கிறது என்பது நமக்கு நன்றாகவே நினைவுக்கு வந்துவிடுகிறது.

நம் வாயிற்படியில்

அரசாங்கத்தைச் சினந்துகொண்டோம், அந்தச் சினம் நேரியதே. ஆயினும் அதோடு நிறுத்திக்கொண்டால் ஊருக்குத்தான் உபதேசம் என்றாகிவிடும்.

வீட்டில் மகளுக்குப் புதுநன்மை. உறவினர் வந்து தங்குவார்கள். தொட்டியோ நிரம்பிவிட்டது. கழிவுநீர் லாரியை அழைக்கிறோம். லாரி நீரை உறிஞ்சிவிடுகிறது. அடியில் கெட்டிப்பட்ட சேறு கொஞ்சம் எஞ்சிக் கிடக்கிறது. அப்போது நாம் என்ன சொல்கிறோம்? “ஏம்ப்பா, அடியிலே கொஞ்சந்தானே கிடக்கு? இறங்கி அள்ளிப் போட்டுடேன். மேலே ஐந்நூறு தர்றேன்.”

அவர் தயங்குகிறார். வீட்டு வாடகை அவர் நினைவுக்கு வருகிறது. சட்டையைக் கழற்றுகிறார்.

இதைச் சொன்னவர் கொடியவர் அல்லர். நம்மைப் போன்ற நல்ல குடும்பத்தினரே. ஞாயிறு தவறாமல் கோயிலுக்குச் செல்கிறவரே. ஆனால் 2013-ஆம் ஆண்டுச் சட்டம் நகராட்சியையும் நிறுவனத்தையும் மட்டும் குறிப்பிடவில்லை. ‘எந்த நபரும்’ நேராகவோ மறைமுகமாகவோ இதற்கு ஆள் அமர்த்தலாகாது என்கிறது. அந்த ‘எந்த நபரும்’ என்பதில் நாமும் அடக்கம். நாம் பணம் கொடுக்கும் பள்ளி, விடுதி, திருமண மண்டபம் அனைத்தும் அடக்கம்.

செய்யத்தக்கவை

தொட்டியை இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறையேனும் தூய்மை செய்வித்தால் சேறு இறுகிப் போகாது. ஆள் இறங்க வேண்டிய தேவையும் எழாது. உரிமம் பெற்ற லாரியையே அழைப்போம். அதற்கென 14420 என்னும் தொலைபேசி எண் இருக்கிறது. அடியில் எஞ்சியதைத் தண்ணீர் பீய்ச்சிக் கரைத்து இயந்திரத்தாலேயே எடுக்கச் சொல்வோம். முடியாது என்றால் எஞ்சியது எஞ்சட்டும். ஒரு மனிதனின் உயிருக்கு அது ஈடாகாது. தவறி எவரேனும் விழுந்துவிட்டால் பின்னால் எவரையும் இறங்கவிடாமல் தடுத்து, தீயணைப்புத் துறையை 101-இல் அழைப்போம்.

இயந்திரம் இல்லையே என்று உள்ளாட்சி அலுவலர் சொல்லக்கூடும். அண்டை மாநிலத்துத் திருவனந்தபுரத்தில் இளம் பொறியாளர்கள் உருவாக்கிய இயந்திரம் 2018-இலேயே ஆள்நுழைவுக் குழிக்குள் இறங்கிச் சாக்கடையைத் தூய்மை செய்தது. அங்கே முடிந்தது நம் ஊரில் ஏன் முடியாது என்று வார்டு உறுப்பினரிடம் எழுத்து மூலமாகவே கேட்போம். நம் பங்குப் பள்ளியின் தொட்டியை யார், எவ்வாறு தூய்மை செய்கிறார் என்று அடுத்த பெற்றோர் கூட்டத்தில் எழுந்து கேட்போம். கேட்கச் சற்றுக் கூச்சமாகத்தான் இருக்கும், கேட்போம்.

நம் வீட்டுத் தொட்டியின் மூடியைத் திறக்கும் நாளில் மூக்கைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்ள வேண்டா. வேலை முடியும் மட்டும் அங்கேயே நிற்போம். வந்தவரின் பெயரைக் கேட்டு, குடிக்கத் தண்ணீர் கொடுத்து, “நீங்கள் இறங்கவே கூடாது” என்று நம் வாயாலேயே சொல்வோம். அன்று மாலை அவர் தம் பிள்ளைகளிடம் திரும்பிச் செல்வார். மறுநாள் நாளிதழில் அதுபற்றி ஒரு வரியும் இராது.