ரசிகனின் பற்று வரவு

பி.காம். படித்தவனிடம் விளையாட்டைப் பற்றி எழுதச் சொன்னால் என்ன செய்வான்? நோட்டைத் திறந்து நடுவில் ஒரு கோடு போடுவான். இடது பக்கம் பற்று, வலது பக்கம் வரவு. நெஞ்சை உடைத்த மேட்ச்செல்லாம் பற்று. நெஞ்சை நிமிர்த்தியதெல்லாம் வரவு. திருத்தணியில் லோக்கல் ஏறினால் சென்னை போய்ச் சேர இரண்டு மணி நேரத்துக்கு மேலாகிறது. சீசன் டிக்கெட்காரனுக்கு வேறென்ன வேலை? போட்டேன் கணக்கு.

முதலில் சுலபமான என்ட்ரிகள்.

1983 லார்ட்ஸ், கபில்தேவ் கையில் உலகக் கோப்பை. நான் பிறப்பதற்கு முன்பே வந்த வரவு. அப்பா விட்டுப்போன ஓப்பனிங் பேலன்ஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

1984 லாஸ் ஏஞ்சல்ஸ். பி.டி. உஷாவுக்கு வெண்கலம் நழுவியது ஒரு விநாடியில் நூறில் ஒரு பங்கு நேரத்தில். நம்ம ஆபீஸில் பத்து நிமிஷம் லேட்டாகப் போனால்கூட, மேனேஜர் முறைப்பதோடு விட்டுவிடுகிறார். பற்று.

1996 அட்லாண்டா. லியாண்டர் பயஸ் முதல் செட்டைக் கோட்டை விட்டுவிட்டு, பிரேசிலின் மெலிஜெனியை மடக்கி வெண்கலம் வாங்கினார். 1952-ல் மல்யுத்த வீரர் ஜாதவ் வாங்கிய பிறகு 44 வருஷம் கழித்து நமக்கு ஒரு தனிநபர் பதக்கம். வரவு.

2011 ஏப்ரல் 2, வாங்கடே. தோனி தூக்கிய சிக்ஸரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். என் சிநேகிதன் ஒருத்தன் முருகனுக்கு வேண்டிக்கொண்டு மொட்டை போட்டான். ஆபீஸில், “என்னப்பா, திருப்பதியா?” என்று கேட்டார்கள். “இல்லை சார், வாங்கடே!” என்றான். யாரும் சிரிக்கவில்லை. ஏனென்றால் தோனியே மறுநாள் மொட்டைத் தலையோடுதான் தரிசனம் கொடுத்தார்.

2023 நவம்பர் 19, ஆமதாபாத். வரிசையாகப் பத்து மேட்ச் ஜெயித்துவிட்டு, பதினோராவதான ஃபைனலில் ஆஸ்திரேலியாவிடம் போச்சு. மறுநாள் திங்கட்கிழமை. லோக்கலில் ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. அரக்கோணத்தில் சீட்டுக்குக்கூடச் சண்டை இல்லை என்றால் பாருங்கள்!

அடுத்து, எந்தப் பக்கம் எழுதுவது என்று குழப்பிய கேஸ்கள்.

1986 சேப்பாக்கம் டெஸ்ட். செப்டம்பர் வெயிலில் டீன் ஜோன்ஸ் வாந்தியெடுத்துக்கொண்டே 210 அடித்தார். பிறகு ஆஸ்பத்திரியில் டிரிப் ஏற்றினார்கள். நமக்கு இலக்கு 348. ஸ்கோர் சமமாகி நிற்கிறது. கடைசி ஓவரில் இன்னும் இரண்டே பந்து. மணிந்தர் சிங் எல்.பி.டபிள்யூ! இந்தப் பக்கம் 48 ரன்னோடு ரவி சாஸ்திரி நின்றுகொண்டே இருக்கிறார். இரண்டு இன்னிங்ஸையும் கூட்டிப் பாருங்கள். அவர்களுக்கு 744, நமக்கும் 744. எந்த ஆடிட்டர் வந்தாலும் குறை சொல்ல முடியாத டிரையல் பேலன்ஸ்!

சரி, தோல்விகளில் எது ரொம்ப மோசம்? என் நோட்டில் 1996 மார்ச் 13, கல்கத்தா. உலகக் கோப்பை அரையிறுதி. இலங்கை 251. நாம் 98-க்கு ஒரு விக்கெட் என்று ஜம்மென்று போய்க்கொண்டிருந்தோம். டெண்டுல்கர் 65-ல் அவுட்டானதும் சீட்டுக்கட்டு சரிந்தது. 120-க்கு எட்டு. பாட்டில்கள் பறந்தன. காலரியில் தீ வைத்தார்கள். மேட்ச் ரெஃப்ரி கிளைவ் லாயிட் ஆட்டத்தை நிறுத்தி இலங்கைக்கு வெற்றி கொடுத்தார். காம்ப்ளி அழுதுகொண்டே வெளியேறினார். தோல்விகூடப் பரவாயில்லை. தோற்ற வீரனுக்குக் கடைசி வரை ஆடும் மரியாதையைக்கூட ரசிகன் கொடுக்கவில்லையே, அது தான் பற்று.

இப்போது 1999 ஜனவரி 31, சேப்பாக்கம். பாகிஸ்தான் டெஸ்ட் ஆட இங்கே வந்து பன்னிரண்டு வருஷமாகியிருந்தது. வரக்கூடாது என்று டில்லியில் பிட்ச்சையே கொத்திப் போட்டிருந்தார்கள். இலக்கு 271. 82-க்கு ஐந்து விக்கெட் காலி. முதுகு வலியோடு சச்சின் 136 வரை இழுத்துக்கொண்டு வந்தார். இன்னும் 17 ரன் வேண்டும். சக்லைன் பந்தைத் தூக்கி அடித்தார். வாசிம் அக்ரம் கையில் கேட்ச். எங்க ஊர் டீக்கடையில் பாதிப் பேர் தமிழில் “அய்யோ” என்றார்கள். பாதிப் பேர் தெலுங்கில் “போயிந்தே” என்றார்கள். எல்லைப் பிரச்னையில் 1960-ல் சென்னை மாகாணத்துக்கு வந்த ஊராச்சே! துக்கத்தில் மட்டும் மொழிப் பிரச்னை கிடையாது. அடுத்த நாலு ரன்னுக்குள் மீதி மூன்று விக்கெட்டும் போய், 12 ரன்னில் தோல்வி.

அப்புறம் நடந்ததுதான் விஷயம். பாட்டில் பறக்கவில்லை. மொத்த மைதானமும் எழுந்து நின்று கைதட்டியது. பாகிஸ்தான் வீரர்கள் ஒரு கணம் திகைத்து, பிறகு மைதானத்தைச் சுற்றி ஓடி வந்தார்கள். கைதட்டல் நிற்கவே இல்லை. கல்கத்தாவிலும் தோல்வி, சென்னையிலும் தோல்வி. ஆனால் சென்னைத் தோல்வியை நான் பற்றிலும் எழுதினேன், வரவிலும் எழுதினேன். டபுள் என்ட்ரி என்பது இதுதான் சார்!

செஸ்ஸிலும் ஒரு டபுள் என்ட்ரி உண்டு. 2013 நவம்பரில் சொந்த ஊர் சென்னையிலேயே ஆனந்த் உலகப் பட்டத்தை கார்ல்சனிடம் இழந்தார். பற்று என்று எழுதி மூடிவிட்டோம். ஆனால் கண்ணாடி அறைக்கு வெளியே நின்று அதை வேடிக்கை பார்த்தவர்களில் ஏழு வயதுப் பையன் ஒருவன் இருந்தான். பெயர் குகேஷ். 2024 டிசம்பர் 12-ல் சிங்கப்பூரில் டிங் லிரெனை வென்று, 18 வயதில் உலக சாம்பியன். பழைய பற்று வட்டியோடு வரவானது.

ஆகவே தோற்ற அன்றைக்கே கணக்கை மூடாதீர்கள். டி.வி. மீது ரிமோட்டை எறியாதீர்கள். ரிமோட்டும் நம்முடையது, டி.வி.யும் நம்முடையது. வீரரின் வீட்டைப் பார்த்துக் கல்லும் வேண்டாம், செல்போனில் வசவும் வேண்டாம்.

கோபம் அடங்கவில்லையா? எங்க ஊருக்கு வாருங்கள். சூரனோடு போர் முடித்த முருகனே கோபம் தணிந்த இடம் என்பதால்தான் இது தணிகை. மற்ற படைவீடுகளில் சூரசம்ஹாரம் நடக்கும்போது, இங்கே சம்ஹாரம் கிடையாது. மலைக்கு 365 படி. ஏறி முடிப்பதற்குள் பாதிக் கோபம் மூச்சிரைப்பில் போய்விடும். மீதியை முருகன் பார்த்துக்கொள்வார்.