மொட்டை மாடியில் 66 அடிக் கம்பி!

எதிர்வீட்டு மாமிக்கு ஒரு சந்தேகம். ''ஏன் சார், இவ்ளோ உசரத்துல கொடி கட்டினா துணியை எப்படி உலர்த்துவீங்க?''

மாமி, அது துணிக்கொடி இல்லை, ஏரியல்! ஹாம் ரேடியோவில் 7 மெகாஹெர்ட்ஸில் பேச 66 அடி தாமிரக் கம்பி போதும். 33, 33 அடியாக வெட்டி, நடுவில் கேபிளைப் பற்றவைத்து, முனைகளில் இன்சுலேட்டர் மாட்டி இழுத்துக் கட்டினால் ஆச்சு. ஒரு நாள் வேலை.

அதைக் காப்பாற்றுவதுதான் ஆயுசுக்கும் வேலை! கடற்காற்று பட்டால் பற்றவைத்த இடம் பச்சையாகப் பூத்துவிடும். ஒரு முனை தென்னை மரத்தில். மரம் ஆடினால் கம்பி அறுந்துவிடுமே? அதற்காக அங்கே ஒரு கப்பி மாட்டி, கயிற்று நுனியில் செங்கல்லைத் தொங்கவிட்டிருக்கிறேன். காற்றடித்தால் செங்கல் ஏறி இறங்கும், கம்பி பிழைக்கும். (வாஸ்துவா என்று கேட்டவர்களும் உண்டு!)

விளையாட்டே கூடாதது மின்கம்பி விஷயத்தில். ஜி.ஐ. பைப் கம்பம் எந்தப் பக்கம் சாய்ந்தாலும் மின்கம்பிக்கு 10 அடியாவது தள்ளி விழவேண்டும். வாட்ச்மேன் ''நான் பிடிச்சுக்கறேன் சார்'' என்று ஓடிவந்தாலும் லைன் பக்கத்தில் நிமிர்த்த மாட்டேன். இடி கேட்டால் கேபிளைக் கழற்றிவிடுவேன்.

இத்தனை பாடு எதற்கு? 2004 டிசம்பர் 26 சுனாமியின்போது பாரதி பிரசாத் குழுவினர் ஹாம் ரேடியோவோடு போர்ட் பிளேரில் இருந்தார்கள். தொலைபேசி செத்துப்போன அந்தமானிலிருந்து, தவித்துக்கொண்டிருந்த உறவினர்களுக்குச் செய்தி போய்ச் சேர அவர்கள் உதவினார்கள்.

அக்டோபர் நெருங்கினால் எனக்குக் கை பரபரக்கும். மழைக்கு முன் கயிறு மாற்றவேண்டும். போன வருஷத்து நைலான் வெயிலில் நைந்து, தொட்டால் தூளாக உதிர்கிறது.