சரந்தீபு தந்த சொற்கள்

‘செரண்டிபிட்டி’ என்ற ஆங்கிலச் சொல்லின் பிறந்தநாள் தெரியும்: 1754 ஜனவரி 28. எழுத்தாளர் ஹோரஸ் வால்போல், புளோரன்ஸில் இருந்த நண்பர் ஹோரஸ் மானுக்கு அன்று எழுதிய கடிதத்தில்தான் அது முதன்முதலாக வருகிறது. ‘சரந்தீபின் மூன்று இளவரசர்கள்’ என்ற கதையை நினைத்து அவர் அதைப் படைத்தார்.

அந்தக் கதையில் ஒட்டகத்தைத் தொலைத்த ஒருவன் இளவரசர்களுக்கு எதிர்ப்படுகிறான். அவர்கள் அந்த ஒட்டகத்தைக் கண்டதே இல்லை. ஆனாலும் அதற்கு ஒரு கண் குருடு, ஒரு பல் இல்லை, ஒரு கால் நொண்டி என்கிறார்கள். பாதையில் ஒரு பக்கத்துப் புல் மட்டுமே மேயப்பட்டிருந்தது. பல்லளவு புல் துணுக்குகள் சிந்திக் கிடந்தன. மண்ணில் ஒரு காலை இழுத்த தடமும் இருந்தது. வால்போலின் நினைவில் இந்த ஒட்டகம் கோவேறு கழுதையாகிவிட்டது!

தேடாதது தற்செயலாகக் கிடைப்பதும் அதைப் புரிந்துகொள்ளும் கூர்மதியும் சேர்ந்ததே வால்போல் தந்த பொருள். இன்று பலர் இதை ‘அதிர்ஷ்டம்’ என்று சுருக்கிவிடுகிறார்கள். அது சொல்லின் பாதி உயிரைப் பறிப்பதாகும். கூர்மதி இல்லாதவன் கண்ணுக்கு அந்தப் புல் வெறும் புல்தான்.

கதை 1557இல் வெனிஸில் இத்தாலிய மொழியில் அச்சானது. அதன் வேர் அமீர் குஸ்ரு 1302இல் பாரசீகத்தில் பாடிய ‘ஹஷ்த் பிஹிஷ்த்’ வரை போகிறது. சரந்தீபு என்பது அறபிகள் இலங்கைக்கு இட்ட பெயர். ‘சிங்களத்தீவு’ என்பதன் திரிபு அது என்பது பெரும்பாலான அறிஞர் கருத்து. 1344இல் இலங்கைக்கு வந்த இப்னு பதூதா, பாவா ஆதம் மலையைச் சரந்தீபு மலை என்றே குறித்தார்.

அறபிகளின் கடல்வழியில் ஆங்கிலத்துக்குப் போன இன்னொரு சொல் ‘மொன்சூன்’. பருவத்தைக் குறிக்கும் அறபுச் சொல்லான ‘மவ்ஸிம்’ போர்த்துக்கேயர் வாய்வழியாக ஆங்கிலத்துக்குள் புகுந்தது. இலங்கையின் கிழக்குக் கரையில், கல்முனைப் பக்கத்தில் பெரும்போக வெள்ளாமைக்கு உயிர் கொடுக்கும் மாரி மழையை ஆங்கிலப் புத்தகங்கள் இந்தப் பெயரில்தான் எழுதுகின்றன. தமிழின் ‘கயிறு’க்கு இனமான மலையாளத்தின் ‘கயர்’, ‘கொய்ர்’ ஆனது. ஆனால் ஆங்கிலத்தில் அது கயிறு அல்ல, தேங்காய்த் தும்பு.

எதிர்த்திசையில் வந்து இந்தக் கரையோர முஸ்லிம் மக்கள்மேல் ஒட்டிக்கொண்டது ‘மூர்’ என்ற சொல். வட ஆபிரிக்காவின் மௌரித்தேனிய மக்களை ரோமர் ‘மௌரி’ என்றார்கள். போர்த்துக்கேயருக்கு முஸ்லிம்கள் யாவரும் ‘மூரோ’தான். 1505இல் இலங்கையில் கரையிறங்கியபோதும் அதே சொல்லோடுதான் வந்தார்கள். ஷேக்ஸ்பியரின் ஒதெல்லோவை ‘வெனிஸ் நகரத்து மூர்’ என்று நாடகத் தலைப்பு அழைக்கிறது. அந்தச் சேனாதிபதிக்கும் கல்முனை விவசாயிக்கும் உறவு எதுவும் இல்லை. ஐரோப்பியர் இருவருக்கும் ஒரே பெயரைச் சூட்டினார்கள். தமிழில் இம்மக்களின் பெயர் சோனகர். யவனர் என்பதோடு தொடர்புடையதாகக் கருதப்படும் பழந்தமிழ்ச் சொல் அது. அரச ஆவணங்களில் இன்றும் ஆங்கிலத்தில் ‘சிறிலங்கா மூர்’ என்று எழுதும் இடத்தில், தமிழில் ‘இலங்கைச் சோனகர்’ என்றே எழுதப்படுகிறது.