எழுத்தும் எண்ணும்

1990ஆம் ஆண்டினை ஒட்டித் தொடங்கிப் பல்லாண்டுக் காலம், கணிப்பொறியில் தமிழ் எழுதியவர்கள் விந்தையான ஒரு தொல்லைக்கு ஆளாயினர். சென்னையில் ஒருவர் நல்ல தமிழில் மடல் எழுதி, மின்னஞ்சல் வழியே மதுரைக்கு விடுப்பார். பெற்றவர் அதனைத் திறந்தால், திரையில் தமிழ் இராது. பொருளற்ற ஆங்கில எழுத்துகளும் குறிகளும் சிதறிக் கிடக்கும். எழுதியவர்மேலும் குற்றமில்லை, கொண்டுவந்த கம்பிமேலும் குற்றமில்லை. எழுதுவதற்குப் பயன்பட்ட எழுத்துரு பெற்றவரிடம் இல்லை, அவ்வளவே. சில எழுத்துருக்களை விலை கொடுத்து வாங்கினாலன்றி, தமக்கு வந்த மடலையே படித்தல் இயலாது.

இதன் காரணம் எளியது. கணிப்பொறிக்கு எழுத்துத் தெரியாது. எண் ஒன்றே தெரியும். ஆதலால் ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண்ணை வகுத்து வைத்தல் வேண்டும். அந்நாளில் எழுத்துரு ஒன்றில் இருந்தவை 256 இடங்களே. அவற்றுள் முற்பாதி ஆங்கிலத்துக்கு உரியதாயிற்று. தமிழோ 247 எழுத்துகளை உடையது. எவ்வெழுத்தை எங்கே வைப்பது என்பதை எழுத்துரு செய்தவர் ஒவ்வொருவரும் தம் விருப்பப்படி முடிவு செய்தனர். சிலர் ஆங்கில எழுத்துகளின் இருக்கையிலேயே தமிழை அமர்த்தினர். பாமினி என்னும் எழுத்துரு அவ்வகையினது. அதனைக் கொண்டு ‘தமிழ்’ என்று எழுதினால், கணிப்பொறி 106, 107, 112, 111, 59 என்னும் எண்களைப் பதிந்துகொள்ளும். தகரத்துக்கு 106, மகரத்துக்கு 107, இகரக் குறிக்கு 112, ழகரத்துக்கு 111, புள்ளிக்கு 59. பாமினி இல்லாத கணிப்பொறியோ, அவ்வெண்களுக்கு ஜே, கே, பி, ஓ என்னும் நான்கு ஆங்கில எழுத்துகளையும் ஓர் அரைப்புள்ளியையும் காட்டும். அது பொய் சொல்லவில்லை. தன்னிடம் உள்ள பட்டியலைப் பார்த்துச் சொல்லுகிறது.

ஊருக்கு ஊர் மரக்கால் வேறானால் சந்தையில் நெல் அளப்பது எங்ஙனம்? இதனை உணர்ந்தோர் பொது அளவு ஒன்றை நாடினர். 1999 பிப்ரவரியில் சென்னையில் தமிழிணைய மாநாடு கூடிற்று. அதன் பயனாகத் தமிழக அரசு டாம், டாப் என்னும் இரு குறியீட்டு முறைகளை ஏற்றது. பல நாட்டுத் தமிழர் இணையத்தில் கலந்தாய்ந்து திஸ்கி என்னும் முறையையும் வகுத்தனர். பொதுமுறை மூன்றாகிவிட்டது வேடிக்கையே! எனினும், அம்மாநாட்டை ஒட்டி வந்த ‘தமிழ்99’ விசைப்பலகை அமைப்பு நிலைத்தது. அதில் மகர விசையை இருமுறை தட்டினால் முதல் மகரத்தின்மேல் புள்ளி தானே ஏறும்.

இதற்கிடையே, உலக மொழிகள் யாவற்றுக்கும் ஒரே பட்டியலாக ஒருங்குறி 1991ஆம் ஆண்டிலேயே வெளிவந்திருந்தது. அப்பட்டியலை எவரும் காணலாம். அதன்படி எழுத்துரு செய்வதற்கு எவருக்கும் பணம் செலுத்த வேண்டுவதில்லை. அதில் ‘தமிழ்’ என்பது 2980, 2990, 3007, 2996, 3021 ஆகும். இவ்வெண்கள் வேறெம்மொழி எழுத்தையும் குறிப்பன அல்ல. தமிழுக்கு ஒதுக்கிய இடம் 128 மட்டுமே. உயிர்மெய் ஒவ்வொன்றுக்கும் தனியிடம் இல்லை. இதனை அறிஞர் சிலர் குறையாகக் கூறினர், அக்குறை நியாயமானதே. ஆயினும் ஒருவர் எழுதியதை எங்கிருந்தும் எவரும் படிக்கலாம் என்னும் நன்மை அதனினும் பெரிது. 2010 ஜூனில் தமிழக அரசும் ஒருங்குறியை ஏற்றுக்கொண்டது.

பட்டியல் திறந்து கிடந்தமையால் கருவிகளும் பெருகின. தன்னார்வலர் ஆக்கிய எ-கலப்பை என்னும் மென்பொருள், தமிழில் தட்டுவதற்கு விலையின்றிக் கிடைத்தது. லோகித் தமிழ் போன்ற எழுத்துருக்களை எவரும் எடுக்கலாம், திருத்தலாம், பிறர்க்கு வழங்கலாம்.

பழைய ஆவணங்களின் நிலை வேறு. 1998 பொங்கல் நாளில் தொடங்கிய மதுரைத் திட்டம், தன்னார்வலரைக் கொண்டு தமிழ் நூல்களைக் கணிப்பொறியில் ஏற்றி இலவசமாக வழங்குவது. முதலில் வேறு எழுத்துருக்களிலும், பின்னர் திஸ்கியிலும் அமைந்த அதன் நூல்கள் பிறகு ஒருங்குறிக்கு மாற்றப்பட்டன. பழைய எண்களின் பட்டியல் தெரிந்திருந்தமையால் அம்மாற்றம் இயன்றது. பட்டியல் மறைந்துபோன எழுத்துரு ஒன்றில் எழுதிய நூலையோ, அச்சுப்படி கையிலிருந்தால், ஒருவர் அமர்ந்து முதற்பக்கம் தொட்டு மீண்டும் தட்டவேண்டியதாகிறது.