பர்லியார் வீட்டுக்கு எந்த வாக்குவம் கிளீனர்?

புது வீட்டுக்குக் குடி வந்தாயிற்று. கட்டில், காஸ் அடுப்பு, மிக்ஸி எல்லாம் வாங்கியது போக மிச்சமிருக்கும் பணத்தில் ஒரு வாக்குவம் கிளீனர் (காற்றோடு சேர்த்துத் தூசியை உறிஞ்சும் கருவி) வாங்கலாமா என்று யோசிக்கிறீர்கள். சென்னைக்காரருக்குச் சொல்லும் யோசனை பர்லியாருக்கு அப்படியே ஒத்துவராது. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு ஏறும் மலைப்பாதையில் நடுவழி ஊர் இது. 1871-ல் இங்கே தொடங்கிய அரசுத் தோட்டக்கலைப் பண்ணையில் மங்குஸ்தானும் ஜாதிக்காயும் கிராம்பும் செழிக்கக் காரணமான ஈரம்தான் உங்கள் மெத்தைக்குள்ளும் புகுந்துகொள்கிறது.

முதலில், இது உங்களுக்குத் தேவைதானா? சிமெண்ட் தரையோ டைல்ஸோ போட்ட இரண்டு அறை வீட்டைப் பெருக்கப் பூந்துடைப்பமே போதும். வேலையும் சீக்கிரம் முடியும். தரைக்காக மட்டும் வாங்க வேண்டாம்.

பிறகு எதற்கு? மெத்தை, சோபா, ஜன்னல் கொசுவலை, பீரோவுக்கு அடியில், பரண் மூலையில் தொங்கும் ஒட்டடை. இங்கெல்லாம் துடைப்பம் தூசியை எடுப்பதில்லை, இடம்தான் மாற்றுகிறது. மெத்தையில் தூசிப்பூச்சி என்று ஒன்று உண்டு, கண்ணுக்குத் தெரியாது. நம் உடம்பிலிருந்து உதிரும் தோல் செதிலைத் தின்று வாழும், ஈரமான காற்று அதற்கு ரொம்பப் பிடிக்கும். அதன் எச்சம் மூக்கில் ஏறினால் சிலருக்குத் தும்மலும் இளைப்பும் வரும். வீட்டில் அப்படி யாராவது இருந்தால் இந்தச் செலவுக்கு அர்த்தம் இருக்கிறது. யாருக்கும் தொந்தரவு இல்லை, சோபாவும் இல்லை என்றால் ஒரு வருஷம் பொறுத்து வாங்கலாம், ஒன்றும் குறைந்துவிடாது.

பெட்டியின் மேல் பெரிதாக '1600 வாட்' என்று போட்டிருக்கிறதே, அதிக வாட் என்றால் நன்றாக இழுக்கும் அல்லவா? அவசியமில்லை. வாட் என்பது கருவி எவ்வளவு கரண்ட் சாப்பிடுகிறது என்ற கணக்கு. எவ்வளவு தூசி எடுக்கும் என்ற கணக்கு அல்ல. ஐரோப்பிய ஒன்றியம் 2014-ல் வீட்டு வாக்குவம் கிளீனருக்கு 1600 வாட் என்று உச்சவரம்பு வைத்தது. 2017-ல் அதையும் 900 வாட்டாகக் குறைத்தது. அங்கே வீடுகள் அழுக்காகிவிடவில்லை. நீங்கள் தேட வேண்டியது கிலோபாஸ்கல் (உறிஞ்சும் விசையின் அளவு) என்ற எண். வயர் உள்ள சாதாரணக் கருவிகளில் இது 16 முதல் 22 வரை இருப்பதைப் பார்க்கலாம். அதையே சிலர் பாஸ்கல் கணக்கில் '18000' என்று அச்சடிப்பார்கள். மூன்று சைபர் கூடியிருக்கிறதே தவிர விசை ஒன்றுதான்.

வாட் வேறொரு விஷயத்தில் உங்களைப் பாதிக்கும். சுவரில் ஃபேனுக்கும் டிவிக்கும் இருக்கும் சின்னப் பிளக் 6 ஆம்பியர் தாங்கும். அதாவது ஏறக்குறைய 1380 வாட். 1600 வாட் கருவிக்கு, கெய்சர் மாட்டும் பெரிய 16 ஆம்பியர் பிளக் வேண்டும். வாடகை வீட்டில் அது அடுப்படியில் ஒன்று, குளியலறையில் ஒன்றுதான் இருக்கும். படுக்கையறைக்கு மலிவான எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் இழுத்தால் பிளக் சூடாகி உருகும். 1000 முதல் 1200 வாட் போதும். அரை மணி நேரம் ஓட்டினால் 0.6 யூனிட், கரண்ட் பில் பயம் வேண்டாம்.

எந்த வகை வாங்குவது? பர்லியாரில் முதல் கருவி என்றால் என் தீர்ப்பு ஒன்றுதான்: 10 முதல் 15 லிட்டர் டிரம் உள்ள, தண்ணீரையும் உறிஞ்சும் 'வெட் அண்ட் டிரை' வகை. சுமார் ஐயாயிரத்தில் தொடங்கி எட்டாயிரத்துக்குள் கிடைக்கும். பார்க்க அழகாக இருக்காது, சத்தமும் பலமாகத்தான் இருக்கும். ஆனால் ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை சாய்த்து அடிக்கும்போது ஜன்னல் இடுக்கு வழியாகவும் வாசற்படிக்கு மேலாகவும் தண்ணீர் வரும். கோணியைப் போட்டுப் பிழிந்துகொண்டிருப்பதற்குப் பதில் நேராக உறிஞ்சிவிடலாம். மழை விட்ட சாயங்காலம் டியூப் லைட்டுக்கு வந்து விழும் ஈசல், மறுநாள் காலை தரையெல்லாம் இறக்கையாகக் கிடக்கும். துடைப்பம் பட்டால் அந்த இறக்கைகள் எழும்பிப் பறக்கும். குழாயை வைத்தால் ஒரு நிமிஷ வேலை.

வயர் இல்லாத ஸ்டிக் வகை கைக்கு இலகு, உண்மை. அதற்குள் இருப்பது லித்தியம் பேட்டரி. சில வருஷங்களில் தளரும். புது பேட்டரியின் விலையைக் கடையிலேயே கேட்டுவிடுங்கள், பல சமயம் அந்த விலையே பதிலாகிவிடும். தானே ஓடும் ரோபோ, நிலைப்படியும் உயரம் மாறும் தரையும் உள்ள மலை வீட்டில் அறைக்கு அறை சிக்கிக்கொள்ளும். அதை இப்போதைக்கு மறந்துவிடுங்கள்.

இனி, கடைக்காரர் சொல்லாமல் விடுகிற சங்கதி: வடிகட்டி. உறிஞ்சிய காற்று பின்பக்கமாக வெளியே வந்தாக வேண்டும். வடிகட்டி சுமாராக இருந்தால் பெரிய தூசியை வைத்துக்கொண்டு நுண்ணிய தூசியை உங்கள் முகத்திலேயே ஊதும். 'ஹெப்பா' (மிக நுண்ணிய துகளையும் பிடிக்கும் வடிகட்டி) என்று எழுதியிருக்கிறதா, அதோடு எச்13 போன்ற தர எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள். எச்13 என்றால் பிடிக்கக் கடினமான அளவுள்ள துகளிலும் 99.95 சதவீதத்தை நிறுத்த வேண்டும். 'ஹெப்பா போன்றது' என்றால் அது ஹெப்பா இல்லை.

கழுவும் வடிகட்டி என்றால் செலவு மிச்சம்தானே? சமவெளியில் ஆம். இங்கே மழைக்காலத்தில் உள்ளாடையே காய இரண்டு நாள் ஆகிறது. முழுதாகக் காயாத வடிகட்டியை மாட்டினால் உள்ளே பூஞ்சை பிடிக்கும். ஓட்டும்போதெல்லாம் வீடு முழுக்க அந்த வாடை. மாற்று வடிகட்டி ஒன்று கூடவே வாங்கிவிடுங்கள். அது தனியாகக் கிடைக்காத மாடல் என்றால் அந்த மாடலே வேண்டாம். தண்ணீர் எடுக்கும் முன் காகித வடிகட்டியைக் கழற்றிவிட்டு ஸ்பாஞ்ச் உறையை மாட்ட வேண்டும். வேலை முடிந்ததும் டிரம்மைக் கழுவித் திறந்தே வையுங்கள். குரங்கு எடுத்துக்கொண்டு போகாத இடமாகப் பார்த்து!

சுவரில் படர்ந்திருக்கும் பூஞ்சையை இதனாலேயே எடுத்துவிடலாமா? கூடாது. உலர்ந்த பூஞ்சையை உறிஞ்சினால் அதன் நுண்விதைகள் அறை முழுக்கப் பரவும். ஈரத்துணியால் துடைத்து, சுவரில் நீர் எங்கிருந்து கசிகிறது என்று பார்த்து அடைக்க வேண்டும்.

புதுசாகக் கட்டிய வீடு என்றால் இன்னொரு எச்சரிக்கை. பெயிண்டரும் டைல்ஸ்காரரும் விட்டுப்போன சிமெண்ட் தூளையும் பட்டி தேய்த்த மாவையும் சாதாரண வீட்டுக் கருவியில் இழுக்காதீர்கள். வடிகட்டி நொடியில் அடைத்துக்கொள்ளும், மோட்டார் சூடாகும், வாரண்டியும் போய்விடக்கூடும். அந்த முதல் சுத்தத்தை நனைத்துக் கூட்டி முடியுங்கள்.

கடைசியாக, பழுதானால் யார் வருவார்கள்? ஒரு காலத்தில், 1982-ல் தொடங்கிய யூரேகா ஃபோர்ப்ஸின் விற்பனையாளர்கள் வீடு வீடாக வந்து கம்பளத்தைச் சுத்தம் செய்து காட்டி இந்தக் கருவியை விற்றார்கள். இப்போது போனில் ஒரு தட்டு தட்டினால் வந்து இறங்குகிறது. வாங்கும் முன் கருவியைத் தயாரிக்கும் நிறுவனத்தின் சேவை எண்ணுக்குப் போன் போட்டு உங்கள் பின்கோடைச் சொல்லி, ஆள் வீட்டுக்கு வருவாரா, இல்லை நீங்கள்தான் குன்னூருக்கோ கோயம்புத்தூருக்கோ தூக்கிப்போக வேண்டுமா என்று கேளுங்கள். 2009 நவம்பர் மழையில் மண் சரிந்து மேட்டுப்பாளையம் சாலை துண்டிக்கப்பட்டதை ஊரில் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். மழைக்காலத்தில் 'ஏழு நாளுக்குள் திருப்பி அனுப்பலாம்' என்ற வாக்குறுதியை நம்பி இருக்க முடியாது. ஆகவே பெட்டி வந்த அன்றே பிரித்து, தண்ணீர் இழுத்தும் பார்த்துவிடுங்கள்.

விற்றவர் கைவிரித்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழையுங்கள். அதிலும் தீரவில்லையென்றால், 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். விற்றவர் பெங்களூரில் இருந்தாலும் டெல்லியில் இருந்தாலும் நீங்கள் ஊட்டிக்கு மேல் போக வேண்டியதில்லை. ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணமும் கிடையாது. பில்லும் வாரண்டி அட்டையும் மட்டும் கையில் இருக்க வேண்டும். அவற்றை ஈரம் படாத உறையில் போட்டு வையுங்கள்.